மார்லா காவல் நின்ற கதவு

மார்லா ப்ளாட்கினிடம் ஒரு தடவை மணி கேட்டவர்கள் மறுபடி கேட்க மாட்டார்கள். "மூணு நாப்பத்தேழு. ஏன், எங்க போகணும்? எந்த வழியா போற? அந்தப் பாலத்துல வேலை நடக்குது, தெரியுமில்ல?" என்று நம் பயணத்தையே தன் கையில் எடுத்துக்கொள்வாள். மினியாபொலிஸை ஒட்டிய செயின்ட் லூயிஸ் பார்க்கில், பள்ளிப் பேருந்துகளை அனுப்பும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவள். அறுபத்து நாலு மஞ்சள் பேருந்து, ஒரு மைக், சுவர் முழுக்க வரைபடம். பனிப்புயலில் எந்தத் தெருமுனையில் எந்தப் பிள்ளை நிற்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது, பெற்றவர்களுக்குத் தெரியாது, மார்லாவுக்குத் தெரியும். ஓட்டுநர்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ சொன்னார்கள், அது நமக்கு வேண்டாம்.

இப்படி ஊரையே நேரத்துக்கு அனுப்பிப் பழகியவளுக்கு வீட்டில் மட்டும் சும்மா இருக்க முடியுமா? கணவர் சை கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாதுவான மனிதர். தான் ஒரு பொருளை வைத்த இடத்தில் அது இருக்காது, மார்லா நினைத்த இடத்தில்தான் இருக்கும் என்பதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டு நிம்மதியாக வாழ்ந்தவர். ஒரே மகள் டாலியா மண் ஆராய்ச்சி படித்தாள். வடக்கே ஐந்து மணி நேரத் தொலைவில் நோர்டால் என்ற சிற்றூரில் ஒரு பீட்ரூட் வயலில் மண்ணெடுக்கப் போனவள், அந்த வயலின் சொந்தக்காரப் பையனோடு திரும்பி வந்தாள். ஆன்டர்ஸ் ஹௌகன். ஆறடி நாலங்குலம், லூத்தரன் சர்ச், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல மூடியே வைத்திருப்பவன்.

"நல்ல பையன்தான், ஆனா பேசவே மாட்டேங்கிறானே," என்றாள் மார்லா.

"உன் பக்கத்துல உக்காந்து எவன் பேசியிருக்கான்?" என்றார் சை.

பையன் தங்களைப் போல யூதன் இல்லை என்பதற்காக மார்லா ஒரு வாரம் பெருமூச்சு விட்டாள். பிறகு விட்டுவிட்டாள். அவளுடைய உண்மையான கவலை வேறு. மகள் ஐந்து மணி நேரம் தள்ளிப் போகப்போகிறாள், அங்கே எந்தப் பேருந்தும் போகாது. அந்தப் பயத்தை நேராகச் சொல்லத் தெரியாததால் கல்யாண வேலையை முழுதாக எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். டாலியா கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மா, நீ என்ன வேணா பண்ணு. எங்களுக்கு அந்தத் தனியறை மட்டும் ஒழுங்கா கிடைக்கணும். பந்தல்ல நிக்கும்போது நாங்க ஒண்ணும் பெரிசா பேசப்போறதில்ல. அவனுக்கு ஆளுங்க முன்னாடி பேச வராது. ஆளுக்கொரு கடுதாசி எழுதியிருக்கோம். உள்ள வெச்சுத்தான் படிப்போம்."

தனியறை என்றால் யிஹூத். பந்தலின் கீழே சடங்கு முடிந்து, மாப்பிள்ளை கண்ணாடித் தம்ளரை மிதித்து உடைத்து, எல்லாரும் தொண்டை கிழிய வாழ்த்திய கையோடு இரண்டு பேரையும் ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். காலையிலிருந்து விரதம் இருந்த பிள்ளைகள் ஒரு வாய் சாப்பிடலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். வாசலில் காவல் உண்டு. உலகம் முழுக்க வெளியே, இரண்டே பேர் உள்ளே. எட்டு நிமிஷம் போதும் என்பார்கள்.

மார்லா இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், அவள் கல்யாணத்தில் அந்தக் கதவு இரண்டாவது நிமிஷமே திறந்தது. அவள் அம்மா நின்றிருந்தாள். "அடுப்பை அணைச்சியா? நீதானே கடைசியா கிளம்பின?" அடுப்பு அணைந்துதான் இருந்தது. அவ்வளவுதான், அம்மாவின் பின்னாலேயே ஊரும் நுழைந்துவிட்டது. அதற்கப்புறம் மார்லாவும் சையும் தனியாகவே இருந்ததில்லையா என்றால், இருந்தார்கள். ஆனால் இதோ யாரோ கதவைத் தட்டப்போகிறார்கள் என்ற நினைப்போடுதான் முப்பத்தாறு வருடமும் இருந்தார்கள்.

"எட்டு இல்லடி, பதினெட்டு நிமிஷம்," என்றாள் மார்லா. பதினெட்டு அவர்களுக்கு உயிரைக் குறிக்கும் எண். "நானே காவல் நிப்பேன். ஜனாதிபதி வந்தாலும் திறக்க மாட்டேன்."

டாலியா சந்தேகமாகப் பார்த்தாள். பெற்ற தாயை அவளுக்குத் தெரியாதா?

முதலில் தேதி. யூதர்களின் நாள்காட்டியில் கல்யாணம் கூடாத வாரங்கள் வசந்தத்தில் ஏழு, கோடையில் மூன்று. இலையுதிர் காலத்தில் பண்டிகை. சனிக்கிழமை எந்த மாதத்திலும் ஆகாது. சரி, மிச்ச நாளில் வைக்கலாம் என்றால் ஹௌகன் குடும்பத்துக்கு விதைப்பு உண்டு, கோதுமை அறுவடை உண்டு, பீட்ரூட் தோண்டும் அக்டோபரில் செத்தாலே அடக்கம் செய்ய ஆள் கிடைக்காது. மீதி மாதமெல்லாம் பனி. வருடத்தில் ஜூன் கடைசி இரண்டு ஞாயிறுதான் தேறின. மார்லா இரண்டையும் பிடித்துக்கொண்டாள். முதல் ஞாயிறு செயின்ட் லூயிஸ் பார்க்கில், யூதர்களின் கோயிலில், பந்தலோடு கல்யாணம். அடுத்த ஞாயிறு நோர்டால் சர்ச்சில் ஆசீர்வாதமும் சாப்பாடும்.

நோர்டால் பக்கத்து வேலைகளுக்கு மாப்பிள்ளையின் அம்மா லவோன் பொறுப்பு. இப்படி இரண்டு அம்மாக்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று கேட்டால் லவோனின் ஊரில் விழிப்பார்கள். அந்த உறவுக்கு அங்கே பேரே இல்லை. மார்லாவின் வீட்டில் அதற்குப் பேரும் உண்டு, சண்டையும் உண்டு, நம்மைப் போலத்தான். ஆகவே முதல் நாளே தொலைபேசியில் "சம்பந்தியம்மா!" என்று மார்லா போட்ட கூச்சலில் லவோன் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

லவோன் யாருக்கும் எதற்கும் மறுப்பே சொல்லாதவள். "பந்தலைக் கொண்டு வந்து உங்க சர்ச்லயும் வெக்கலாமா?" என்று மார்லா கேட்டாள். "அது ஒரு மாதிரி வித்தியாசமா இருக்கும்," என்றாள் லவோன். "பொண்ணு மாப்பிள்ளையை நாற்காலியோட தூக்கி ஆடுவோமே, அங்கயும் ஆடலாமா?" "ஓ, அது வித்தியாசமா இருக்கும்." மார்லாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு தங்கமான சம்பந்தி யாருக்குக் கிடைக்கும்? இரண்டு மாதம் இப்படியே போனது. பட்டியலைப் பார்த்த டாலியாதான் குட்டை உடைத்தாள்.

"அம்மா, அவங்க வித்தியாசமா இருக்கும்னா மாட்டேன்னு அர்த்தம்."

"அப்ப நான் கேட்ட பதினாலு விஷயமும்?"

"பதினாலுக்கும் மாட்டேன்னுதான்."

அங்கே லவோனின் நிலைமை இதைவிட மோசம். "முடியவே முடியாது, இது ஒத்தே வராது, உங்களுக்குப் பைத்தியமா!" என்று மார்லா கத்திவிட்டு, அடுத்த மூச்சில் "சரி, அப்படியே பண்ணிடுவோம்," என்பாள். கத்தின பாதியை மட்டும் கேட்டுவிட்டு லவோன் போனை வைத்துவிடுவாள். "அந்தம்மாவுக்கு இந்தக் கல்யாணமே பிடிக்கல போல," என்று கணவர் டுவேனிடம் அழுவாள். டுவேன் வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்.

இருவரையும் சேர்த்து வைத்தது பச்சை ஜெல்லி. அந்த ஊர் சர்ச்சில் விருந்தென்றால் லவோனின் எலுமிச்சை ஜெல்லி இல்லாமல் இலையே நிறையாது. அதை அவர்கள் சாலட் என்பார்கள், ஏன் என்று கேட்கக் கூடாது. ஜெல்லியை உறைய வைக்கும் பொடியைப் பன்றி எலும்பில் காய்ச்சுகிறார்கள், எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தொடமாட்டார்கள் என்று மார்லா பட்டென்று சொல்லிவிட்டாள்.

"நாப்பது வருஷமா கொண்டு போறேன்," என்றாள் லவோன். "சாலட்னு சொல்லித்தானே கொடுத்தேன்? அப்ப நான் எல்லாருக்கும் மாமிசமா போட்டுட்டிருந்தேன்?"

மகன் வேற்று மதத்தில் பெண் எடுத்ததை ஒரு புன்னகையோடு ஏற்றுக்கொண்டவள் இந்தச் செய்தியில் இரண்டு நாள் படுத்துவிட்டாள். மார்லாவுக்கு மனசு கேட்கவில்லை. கடல்பாசிப் பொடி வாங்கி அஞ்சலில் அனுப்பினாள். முதல் தடவை கல்லாக உறைந்தது, இரண்டாவது தடவை உறையவே இல்லை, ஏழாவது தடவை லவோன் தட்டை ஆட்டி ஒரு வீடியோ அனுப்பினாள். ஜெல்லி சரியாக ஆடியது. அன்றைக்கு மார்லா அலுவலகத்தில் மைக்கிலேயே அதை அறிவித்தாள். அறுபத்து நாலு ஓட்டுநர்களும் ஒன்றும் புரியாமல் சரிக்கா என்றார்கள்.

முதல் ஞாயிறு வந்தது. மார்லா இரண்டு விதமாக அழைப்பிதழ் அச்சடித்திருந்தாள். ஹௌகன் வீட்டார் எங்கே போனாலும் அரை மணி முன்னால் போகிறவர்கள், அவர்களுக்கு நாலே கால் என்று போட்டாள். தன் சொந்தங்கள் எங்கே போனாலும் முக்கால் மணி பிந்தி வருகிறவர்கள், அவர்களுக்கு மூன்று மணி. இரண்டு கூட்டமும் மூன்றே முக்காலுக்கு வாசலில் முட்டிக்கொண்டன. முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் இதைவிடப் பெரிய வெற்றியை அவள் கண்டதில்லை.

விரதம்தான் ஆன்டர்ஸுக்குக் கஷ்டமாக இருந்தது. விடியற்காலையில் ஆறு முட்டை சாப்பிட்டுப் பழகியவன் பட்டினியோடு பந்தலில் லேசாக ஆடினான். யூத மதகுருவான ரபி ஆசி சொல்ல, மோதிரம் மாற்ற, தம்ளரை ஒரே மிதியில் தூளாக்கினான். பசி வேகம். கூட்டம் கத்தியது. லூத்தரன் பக்கம் ஒரு கணம் யோசித்து, பிறகு மரியாதையாகக் கத்தியது.

இருவரும் ரபியின் அலுவலக அறைக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. மார்லா வாசலில் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பதினொன்று. நாலு இருபத்தொன்பது வரை ஈ, எறும்பு நுழையாது.

சாப்பாட்டுக்காரர் வந்தார், துரத்தினாள். படம் பிடிப்பவர் வந்தார், துரத்தினாள். சை வந்து, "நான் கொஞ்ச நேரம் நிக்கட்டுமா?" என்றார். அவரையும் துரத்தினாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலு பதினாலுக்கு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. உள்ளே வைத்த தட்டில் மீன் வைத்தோம், நூடுல்ஸ் கேக் வைத்தோம், ஊறுகாய் வைத்தோம். முள்கரண்டி வைத்தோமா?

வைக்கவில்லை. காலையிலிருந்து பட்டினி கிடக்கிற பிள்ளைகள், எதிரில் சாப்பாடு, கையில் கரண்டி இல்லை! ரபியின் பேனாவாலா சாப்பிடும்? ஓடிப்போய் இரண்டு கரண்டியை எடுத்து வந்தாள். சத்தம் போடாமல் வைத்துவிட்டு வந்துவிடலாம், ஒரு நொடி வேலை என்றுதான் நினைத்தாள். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கதவைத் திறந்தால், ஆன்டர்ஸ் நின்றபடி கடுதாசியைப் பிடித்திருந்தான். காதெல்லாம் சிவந்து, அவன் படித்துக்கொண்டிருந்தான். டாலியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறந்தது முதல் மனதில் இருப்பதைச் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் சொல்லாதவன், மூன்றாவது வாக்கியத்தில் இருந்தான். மார்லாவைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"கரண்டி," என்றாள் மார்லா, இரண்டையும் தூக்கிக் காட்டி.

"பரவாயில்ல அத்தை," என்றான். கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

திறந்த கதவைப் பார்த்தால் சும்மா போகிற குடும்பமா அது? நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் படம் பிடிப்பவர் நுழைந்தார். சை நுழைந்தார். சையின் தம்பி கையில் கோப்பையோடு நுழைந்தார். அவர் பெண்டாட்டி, அவர்கள் பிள்ளைகள், கழிவறை எங்கே என்று தேடி வந்த ஒருவர் என்று பதினோரு பேர் அந்த அறையில் நின்று ஆளாளுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் மார்லா கரண்டியோடு அசடு வழிய நின்றாள்.

டாலியா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "பாட்டி எத்தனை நிமிஷத்துல வந்தாங்கன்னு சொன்ன?"

"ரெண்டு."

"நீ மூணு. முன்னேற்றம்தான்மா."

அந்த வாரம் மார்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவைச் சொல்லிச் சொல்லியே முப்பத்தாறு வருடம் ஓட்டியாயிற்று, இப்போது யாரைச் சொல்வது? புதன்கிழமை டாலியாவிடம் கேட்டாள். "மிச்சத்தைப் படிச்சானா?"

"இல்லம்மா. நான் கேட்டேன். 'அப்புறம்'ங்கிறான். உனக்கு அவனைத் தெரியாது. பனிக்கட்டி உடையற மாதிரி, வருஷத்துக்கு ஒரு தடவைதான். அது உடைஞ்சு பாதியிலேயே மறுபடி உறைஞ்சிடுச்சு. விடு."

விடுகிறவளா? உடனே ரபியைக் கூப்பிட்டாள்.

"ரபி, யிஹூத்தை ரெண்டாந்தரம் வெக்கலாமா? சட்டத்துல இடம் இருக்கா?"

ரபி கொஞ்சம் யோசித்தார். "மார்லா, கல்யாணமான ரெண்டு பேர் ஒரு ரூம்ல கதவைச் சாத்திட்டு இருக்கக் கூடாதுன்னு நான் எந்தப் புத்தகத்துலயும் படிக்கலை."

"அப்ப சரி."

"ஆனா இந்தத் தடவை காவலுக்கு வேற யாரையாவது போடுங்களேன்."

இது மார்லாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அதனால் அடுத்த அழைப்பு லவோனுக்கு. விஷயத்தைச் சொன்னதும் லவோன், "அது ஒரு மாதிரி வித்தியாசமா..." என்று ஆரம்பித்தாள்.

"சம்பந்தியம்மா, நீங்க மாட்டேன்னு சொல்றது எனக்கு இப்ப புரியுது. ஏன்னு சொல்லுங்க."

"நூத்தி நாப்பது பேரு இருப்பாங்க மார்லா. சர்ச்சுக்குக் கீழ, பட்டப்பகல்ல, புள்ளையையும் பொண்ணையும் ஒரு ரூமுக்குள்ள போட்டு... எல்லாரும் என்ன நினைப்பாங்க?"

"பதினெட்டு நிமிஷத்துல என்னத்தை நினைக்கப் போறாங்க?"

"டுவேன் பக்கத்து ஆளுங்க நினைப்பாங்க."

மார்லா வேறு வழியில்லாமல் உண்மையைப் போட்டு உடைத்தாள். "லவோன், உள்ள ஒண்ணும் இல்ல. உங்க புள்ள அவளுக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கான். அதைப் படிக்க விடாம நான் கெடுத்துட்டேன். நான்தான் கெடுத்தேன்."

"ஆன்டர்ஸா? கடுதாசியா?"

"ரெண்டு பக்கம்."

மறுமுனையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது, லவோன் உட்கார்ந்திருக்க வேண்டும். "டுவேன் முப்பத்தெட்டு வருஷத்துல எனக்கு ஒரு மளிகைச் சீட்டுகூட எழுதினதில்ல," என்றாள். பிறகு, "சமையல்கட்டுக்குப் பக்கத்துல சாமான் ரூம் இருக்கு. அதுக்குத்தான் உள்பக்கம் தாழ்ப்பாள். நானும் உங்ககூட நிக்கறேன்," என்றாள்.

இரண்டாவது ஞாயிறு ப்ளாட்கின் கூட்டம் இரண்டு மஞ்சள் பேருந்தில் ஐந்து மணி நேரம் வந்து இறங்கியது. வழி நெடுக மார்லா மைக்கைப் பிடித்திருந்தாள், அதைப் பற்றிப் பேசினால் சை இன்றைக்கும் காதைத் தடவுவார். சர்ச்சில் பாதிரியார் ஆசீர்வாதம் செய்தார், நாலு பாட்டுப் பாடினார்கள், இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. "ஆரம்பிச்சாச்சா?" என்று சையின் தம்பி கேட்டார்.

ஊர்க்காரர்கள் கீழ்த்தளக் கூடத்துக்கு இறங்கினார்கள். மார்லா சாமான் அறைக்குள் தட்டை வைத்தாள். கரண்டி நாலு வைத்தாள். அவ்வளவு எதற்கு என்று கேட்காதீர்கள். டாலியா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஆன்டர்ஸ் குனிந்து நுழைந்தான். தாழ்ப்பாள் விழுந்தது. மார்லாவும் லவோனும் கதவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒன்று பத்து.

ஒன்று பன்னிரண்டுக்கு லவோனின் முகத்தில் ஈயாடவில்லை.

"மார்லா," என்றாள் உதட்டை அசைக்காமல். "காபி."

"காபிக்கு என்ன?"

"மூணு பாய்லரும் உள்ள இருக்கு. சமையல்கட்டுல போட்டா கரண்ட் போயிடுது, அதனால எப்பவும் அந்த ரூம்லதான் போடுவோம். காலையில நானே போட்டேன்."

இதன் பயங்கரம் மார்லாவுக்கு உடனே உறைக்கவில்லை. அந்தக் கூடத்தில் பிரார்த்தனை முடிந்து ஐந்து நிமிஷத்துக்குள் காபி வராத நாள் சர்ச் கட்டின பிறகு ஒன்று கூடக் கிடையாது. சாவு வீட்டுக்கும் வந்தது, வெள்ளத்துக்கும் வந்தது. மேசையில் ஜெல்லி ஆடிக்கொண்டிருந்தது, ரொட்டி இருந்தது, வான்கோழி இருந்தது. ஒருவரும் தொடவில்லை. நூற்று நாற்பது பேரும் காலிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு அமைதியாக வரிசை நின்றார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊரில் கேட்க மாட்டார்கள். கதவை மட்டும் பார்த்தார்கள்.

மார்லாவின் சொந்தங்கள் வழக்கம்போலப் பின்தங்கி மேலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களாக இருந்தால் இந்நேரம் கத்தியிருப்பார்கள், அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள், மனசு ஆறியிருக்கும். இந்த மௌனம் அவளைக் கொன்றது. ஒன்று பதினாறுக்குப் பாதிரியார் வந்து, "இன்னிக்குக் காத்து நல்லா அடிக்குது," என்றார். "ஆமா," என்றாள் லவோன். அவர் கோப்பையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். போய்விட்டார். ஒன்று பத்தொன்பதுக்கு டுவேனின் சித்தப்பா ஆர்வில் வந்தார். எண்பத்தெட்டு வயது. "எனக்கொண்ணும் அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று மூச்சு வாங்கினார். கதவிடுக்கில் காபி மணம் வேறு வந்துகொண்டிருந்தது.

மார்லாவின் கை தானாகக் கதவைத் தட்டப் போனது. ஒரே ஒரு பாய்லர், ஒரு நொடி. சட்டென்று கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஒன்று இருபத்தொன்றுக்கு டுவேனே வந்தார். "லவோன், ஒரு தட்டு தட்டு. ஒரு பாய்லரை மட்டும் நான் வெளியில தூக்கிட்டு வந்துடறேன். அவங்களைப் பார்க்கக்கூட மாட்டேன்."

லவோனின் கழுத்து சிவந்தது, கன்னம் சிவந்தது. "டுவேன்," என்றாள். "முடியாது. போய் உக்காருங்க."

கூடமே திரும்பிப் பார்த்தது. அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. டுவேன் இரண்டடி பின்வாங்கி, கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். சர்ச்சில் கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல லவோன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சு," என்றாள் மார்லா மெதுவாக.

"கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு," என்றாள் லவோன்.

ஒன்று இருபத்தாறு. உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. டாலியா நின்றாள். மூக்கு சிவந்து, கண்மை கன்னம் வரை வழிந்து, அழுத முகமும் சிரிப்புமாக இருந்தாள். பின்னால் ஆன்டர்ஸ் ஒரு பாய்லர் மேல் சாய்ந்து, மூட்டை சுமந்து இறக்கினவன் மாதிரி களைத்துப்போய் நின்றான்.

"படிச்சிட்டான்மா," என்றாள். "ரெண்டு பக்கமும்." அம்மாவின் கையைப் பிடித்தாள். "உள்ள வா. நீயும் கேக்கணும்மா. இன்னொரு தடவை படிக்கறேங்கிறான்."

மார்லாவின் வலது கால் தரையை விட்டு எழும்பியது. அதை மறைத்துப் பயனில்லை. உலகத்தில் வேறு எதையும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஐந்து மணி நேரத் தொலைவில் குடியிருக்கப் போகிற மகள், தானாகக் கதவைத் திறந்து, வா என்று கூப்பிடுகிறாள். போன வாரத்துக் கோபம் அந்த முகத்தில் துளியும் இல்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் போதும்.

காலைக் கீழே வைத்தாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றாள்.

"பரவாயில்லம்மா, நாங்கதானே கூப்பிடறோம்."

"போடி உள்ள."

மகளின் கையை எடுத்து உள்ளே விட்டாள். கதவைத் தன் பக்கம் இழுத்து, அது சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்கும் வரை பிடித்திருந்தாள். பிறகு அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

வரிசையின் முன்னால் நின்ற ஆர்வில் சித்தப்பா கோப்பையோடு ஓரடி நகர்ந்தார். "முடிஞ்சுதாமா?" என்று லவோன் கேட்டாள், கையில் காகிதத் துடைப்பானை நீட்டியபடி.

மார்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபத்தெட்டு. சட்டைக்கையை இழுத்து அதை மூடினாள்.

"இல்லையாம்," என்றாள். "நேரமாகுமாம்."